ஈட்டி மரப் பிடி

ஒக்காருங்க தம்பி. ஸ்டேசன் ரைட்டர் சாப்புடப் போயிருக்கறாரு, சித்தெ நேரமாகும். நானும் வெடியால இருந்து இந்தப் பெஞ்சுலதான் கெடக்கறேன். நீங்களும் துப்பாக்கி விசயமாத்தான வந்திருக்கறீங்க? அதானே. கையில ஃபைலைப் பாத்ததுமே நெனச்சேன். எலக்சன் முடிஞ்சு ரிசல்ட்டும் வந்தாச்சு, இனி லைசன்ஸ் வெச்சிருக்கறவங்க ஒவ்வொருத்தரா வந்து இங்க நிக்க வேண்டியதுதான். எலக்சன் தேதி சொன்னா ஒப்படைக்கணும், முடிஞ்சா வந்து கேட்டு வாங்கிக்கணும். எனக்கு ஒவ்வொரு தடவையும் பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்பற மாதிரிதான் இருக்கும்.

எம்பட ரெண்டையும் வாங்கிட்டேனுங்க. இதா, காலுக்குக் கீழ இருக்கற பையில. மூணாவது ஒண்ணு உள்ள இருக்குது. அதுதான் இருக்கறதுலயே நல்லது. ஆனா அது எம் பேர்ல இல்லை, எங்கூட்டுக்காரி மயிலாத்தா பேர்ல இருக்குது. லைசன்ஸ் யாரு பேர்லயோ அவங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்க. அவ உடுமலையில அண்ணன் ஊட்டுல இருக்கறா. இன்னைக்கு வர்றேன்னு போன்ல சொல்லியிருக்கறா.

வருவாளுங்க. கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து நான் காட்டுன எடத்துல அவ கையெழுத்துப் போடாம இருந்ததில்லை. என்ன, அண்ணன் ஊட்டுக்குக் கெளம்பறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா. 'அந்தக் கெரகம் புடிச்சதுக மறுபடி இந்த ஊட்டுக்கு வந்துச்சுன்னா நான் வரமாட்டேன், பாத்துக்கங்க'ன்னா. கோவத்துல சொல்றதுதான. பொம்பளைங்க சொல்றதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டிருந்தா குடும்பம் பண்ண முடியுமுங்களா.

நீங்க எந்த ஊருங்க? கோயமுத்தூருங்களா. நல்லதுங்க. எங்களுது ஆனைமலைக்குப் போற வழியில தென்னந்தோப்பு. நடுவுல ஒத்தைச் சாளை, கூப்புட்டாக் கேக்கற தூரத்துல வேற ஊடு கெடையாது. எங்கப்பா காலத்துல இருந்து ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்துச்சு, காட்டுப்பன்னி வெரட்டறதுக்கு. அது மண்ணு வெட்டற மம்முட்டி மாதிரிங்க. வேலை முடிஞ்சா மூலையில சாத்தி வெக்கறது. அதுமேல எனக்கு ஆசையெல்லாம் ஒண்ணும் இருந்ததில்லை.

ஆசை வந்தது வால்பாறையில. தேயிலை எஸ்டேட்ல மேனேஜரா இருந்த சிநேகிதர் ஒருத்தரு பங்களாவைக் காலி பண்ணிட்டு மகன் கிட்டப் போறாருன்னு பாக்கப் போனேன். பீரோவைத் தொறந்து துணியில சுத்துன ஒண்ணை எடுத்து எங்கையில வெச்சாரு. பழைய இங்கிலீசு ரிவால்வர். ஒரு தாழ்ப்பாளைத் தள்ளுனா நடுவுல மடங்கும், ஆறு தோட்டாவும் ஒட்டுக்கா எந்திரிச்சு நிக்கும். மடக்கிப் பாத்தேன், நிமித்திப் பாத்தேன், மடக்கிப் பாத்தேன். காப்பி ஆறிப் போச்சு. தம்பி, பொய் சொல்லக் கூடாது, எம்மக பொறந்து மொதல் தடவையாக் கையில வாங்குனப்பக் கூட எனக்கு ஒடம்பு அப்படிச் சிலுக்கலைங்க.

ரெட்டைக் குழலை வித்துத் தள்ளிட்டு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, அதை எம் பேருக்கு மாத்தி ஊட்டுக்குக் கொண்டாந்தேன். அப்பறம் நம்ம நாட்டு ஃபேக்டரிது, பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர் ஒண்ணு. அதுக்குப் பிளாஸ்டிக் பிடி. எனக்குப் பாக்கவே அருவருப்பா இருந்துச்சு. எருமைக் கொம்பு வாங்கி, அறுத்து, அரம் போட்டு, தேங்காண்ணெ ஊத்தி ஊத்தித் தேச்சேன். ரெண்டாவது மாசம் கருங்குளவி றெக்கை மாதிரி மின்ன ஆரம்பிச்சுது. பொள்ளாச்சிச் சந்தையில செருப்புத் தைக்கறவரைப் புடிச்சுத் தோல் உறை தெச்சேன். குழல் வெளுத்துப் போச்சுன்னு லைசன்ஸ் இருக்கற மெக்கானிக் கிட்டக் குடுத்து நீலக் கருப்பு ஏத்துனேன். ஒரு வேலை முடிஞ்சா அடுத்த வேலை அதுவே சொல்லுமுங்க. இது வந்து தோப்பு மாதிரி இல்லை. தோப்புல என்ன பண்ணுனாலும் காத்தும் மழையும்தான் முடிவு பண்ணும். இது முழுக்க நம்ம கைக்குள்ள.

மயிலாத்தா பட்டுச் சீலை வெச்சிருந்த பீரோவுல ஒரு தட்டு கேட்டேன். குடுத்தா. அப்பறம் இன்னொரு தட்டு. பொறவு அவளே சீலையெல்லாம் தகரப் பெட்டிக்கு மாத்திட்டு, பீரோவை முச்சூடும் நீங்களே வெச்சுக்கங்கன்னுட்டா. அந்த அளவுக்குப் பெருந்தன்மை.

பழக்கம் வேணுமில்லீங்களா? ரிவால்வர் வாங்கிப் பெட்டியில பூட்டி வெக்கறவனுக்கு அது எதுக்கு? சாயங்காலம் பொழுதோட முன்கட்டு ஆசாரத்துல சேரைப் போட்டு ஒக்காந்து, தோட்டாவையெல்லாம் எடுத்துட்டு, காலியா வெச்சுக் குறி பாப்பேன். காலண்டர் முருகன் வேலு நுனி. டிக். செவுத்துப் பல்லி. டிக். விசை எவ்வளவு பதமா இறங்குதுன்னு விரலுக்குத் தெரியோணும். மொதல்ல கொஞ்ச நாளு அந்தச் சத்தம் கேட்டா அவ கையில இருக்கறதைக் கீழ போட்டுருவா. ரெண்டு கண்ணாடி டம்ளர் போச்சு. அப்பறம் பழகிட்டா. சமையக்கட்டுல இருந்து ஆசாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடி 'ஏனுங், நான் வர்றேன்'னு ஒரு குரல் குடுப்பா. சும்மா தண்ணி கொண்டாறதுக்குக் கூட. 'ஏனுங், நான் வர்றேன்.' அந்தக் காலத்து மனுசி, அத்தனை மரியாதை.

ஒரு நாள் குரல் குடுக்காம காப்பியோட வந்துட்டா. சும்மா வெளையாட்டுக்கு, அவ நெத்திப் பொட்டுக்கு நேராப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். டிக். காலிங்க, உள்ள ஒண்ணுமே இல்லை. அவ காப்பியை முக்காலி மேல வெச்சா. ஒரு சொட்டு சிந்தலை. உள்ள போயிட்டா. சிரிக்கவுமில்லை, வையவுமில்லை. அவளுக்கு வெளையாட்டே தெரியாதுங்க, அது ஒண்ணுதான் கொறை.

இந்த நேரத்துல கோயமுத்தூர்ல ஒருத்தரு ஒண்ணை விக்கறாருன்னு கேள்விப்பட்டேன். குட்டிக் குழல், வெள்ளை நிக்கல், உள்ளங்கையில அடங்கும். போயிப் பாத்துட்டு வந்ததுல இருந்து சோறு எறங்கலை. ஆனா ஒருத்தர் பேர்ல ரெண்டுதான் வெச்சுக்கலாம்னு சட்டமாச்சே. அப்பத்தான் மயிலாத்தா பேர்ல லைசன்ஸ் போடலாம்னு தோணுச்சு. தோப்புல தனியா இருக்கறோம், திருடன் வருவான், பாதுகாப்புக்கு வேணும்னு காரணம். கேட்டா அப்படியே சொல்லுன்னு பஸ்ஸுல போறப்ப அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். தலையாட்டிட்டே வந்தா.

பெரிய ஆபீஸரு முன்னால ஒக்கார வெச்சாங்க. நான் பக்கத்துல. அவரு நல்ல மனுசன், பணிவாத்தான் கேட்டாரு. 'ஏம்மா, உங்க உயிருக்கு யாராலயாச்சும் ஆபத்து இருக்குதா?'ன்னாரு. இவ வாயே தொறக்கலை. எனக்கு வேர்த்துப் போச்சு. சொல்லிக் குடுத்ததை மறந்துட்டாளேன்னு. அப்பறம் மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தா. பாத்துட்டு அவருகிட்டச் சொல்றா, 'இருக்குதுங்க. ஊட்டுக்குள்ளயே'ன்னு. குரல்ல ஒரு நடுக்கம் பாருங்க, சினிமாவுல கூட அப்படி வராது. ஆபீஸரு நிமிந்து பாத்தாரு. என்னையும் பாத்தாரு. 'திருடனுங்க ஊட்டுக்குள்ளயே பூந்துர்றானுங்க சார்'னு நான் எடுத்துக் குடுத்தேன். லைசன்ஸ் வந்துருச்சு. ஊருக்கு வர்ற வழியெல்லாம் அவளைப் பாராட்டிட்டே வந்தேன்.

அந்தக் குட்டிக்குப் பிடி போட்டதுதான் எம்பட வேலையிலயே பெரிய வேலை. கொம்பு அதுக்குக் கனம். நிக்கலுக்கு ஈட்டி மரந்தான் எடுப்பா இருக்கும். புது ஈட்டி வெடிச்சுரும், வயசான கட்டை வேணும். எங்கயோ தேடறேன், எங்கூட்டுப் பரண் மேலயே இருக்குது. தொட்டில் கட்டைங்க. துணித் தொட்டில் கட்டறப்ப அகலமா இருக்கறதுக்குக் குறுக்க வெப்பாங்களே, அது. ரெண்டு முனையிலயும் கிளி மூக்குச் செதுக்குனது. மயிலாத்தா பொறந்த ஊட்டுல இருந்து எம்மக பிரபா பொறந்தப்ப வந்தது. மயிலாத்தாளே அதுலதான் தூங்குனாளாம், அவங்கம்மாளும் அதுலதானாம். ஆனா அன்னைக்குப் பரண்ல தூசியோட சும்மா கெடந்துச்சு. அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப எறக்கி அறுத்துட்டேன்.

அதுல ஒரு அதிசயம் என்னன்னா, கயிறு கட்டற எடத்துல கயிறு தேச்சுத் தேச்சு ஒரு பள்ளம். மூணு தலைமொறையா ஆட்டி ஆட்டி வந்த பள்ளம். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. எந்த அரத்தாலயும் அப்படிக் கொண்டார முடியாதுங்க. நான் என்ன பண்ணுனேன், அந்தப் பள்ளம் சரியா நடுவிரல் வந்து ஒக்கார்ற எடத்துக்கு வர்ற மாதிரி அளவெடுத்து அறுத்தேன். கையில புடிச்சா அதுவே விரலை இழுத்து வெச்சுக்கும். மீதிக் கட்டை வெறகோட போச்சு. ரைட்டர் அதைப் பாத்துட்டு என்னங்க இவ்வளவு அழகா இருக்குதுன்னு கேட்டாரு. உள்ள இருக்குது, குடுத்ததும் உங்களுக்குக் காட்டறேன். நீங்க ஆயுதம் தெரிஞ்சவரு, புரிஞ்சுக்குவீங்க. நான் சொல்றப்பவே உங்க நடுவிரல் மடங்குது, பாத்துட்டுத்தான் இருக்கறேன்.

இப்ப ஒரு விசயம் சொல்றேன், கொஞ்சம் கிட்ட வாங்க. ஸ்டேசன்ல வெச்சுச் சொல்லக் கூடாது.

போன ஆயுத பூசைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. பிரபா அப்பத்தான் முழுகாம இருக்கறான்னு தெரிஞ்ச சமயம். ஊரெல்லாம் வண்டிக்கும் மம்முட்டிக்கும் பொட்டு வெப்பாங்க. எங்கூட்டுல நெசமாலுமே ஆயுதம் இருக்குதே. பட்டுத் துணி விரிச்சு மூணையும் வரிசையா வெச்சேன், சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. கோயில் மாதிரி இருந்துச்சு. பக்கத்துல ஒரு பித்தளைச் சொம்பையும் வெச்சேன். அதைப் பாத்துட்டு மயிலாத்தா சொன்னா, 'வெறுஞ் சொம்பைச் சாமி முன்னால வெக்காதீங்க, ஒரு மணி அரிசியாச்சும் போடுங்க'ன்னா. அவ சொன்னதுதானுங்க. அவ சொல்லலைன்னா எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. சொம்புக்கே அப்படின்னா, ஆயுதத்தை வெறுமனே வெக்கலாமா? பெரிய ரெண்டுக்கும் முன்னால தோட்டாவை வரிசையா நட்டு வெச்சேன். குட்டிக்குள்ள மட்டும், சாமிக்குன்னு, ஒரே ஒரு தோட்டா போட்டு மூடுனேன்.

பூசையில வெச்சதை அன்னைக்கு யாரும் தொடக் கூடாதில்லீங்களா. மறுநாள் விஜயதசமி, வெடியால எடுத்துச் சந்தனத்தைத் தொடச்சேன். பொரியும் பொட்டுக்கடலையும் தின்னுட்டு மாப்பிள்ளை ஆசாரத்துல ஒக்காந்திருந்தாரு. 'பாருங்க மாப்பிள்ளை, விசை எப்படி வெண்ணெ மாதிரி எறங்குது'ன்னு குட்டியைக் கையில எடுத்துச் சமையக்கட்டு வாசக்கால்ல கட்டியிருந்த மாவெலைக்குக் குறி பாத்தேன். டிக். டிக். மூணாவது தடவை வெடிச்சுருச்சு.

காதுல ஒண்ணுமே கேக்கலைங்க. ஒரே பொகை. அப்பறம் மெதுவா ஒரு சத்தம் வந்துச்சு. சமையக்கட்டுல பெரிய அரிசி டிரம் இருக்குதே, அதுல ஓட்டை. அரிசி அது வழியாச் சலசலன்னு கீழ கொட்டிட்டே இருக்குது. பிரபா அருவாமணையில தேங்காய் துருவிட்டு அப்படியே ஒக்காந்திருக்கறா, தலை முடியெல்லாம் அரிசி. டிரம்மு முன்னால நின்னுட்டிருந்த மயிலாத்தா, கீழ விழுந்த தேங்கா மூடியை எடுக்கக் குனிஞ்சிருந்தாளாம். குனிஞ்சவ நிமிந்தா. அரிசி கொட்டற சத்தம் மட்டுந்தான். மயிலாத்தா போயி அந்த ஓட்டையை உள்ளங்கையில பொத்துனா. பொத்திட்டுச் செவுத்தைப் பாத்து நின்னுட்டே இருந்தா.

யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. நான் குறி வெச்ச எடத்துக்கு மூணடி கீழதான் போச்சு, ஆனா எங்கையி ஒரு இம்மி ஆடலை. அதை ஒருத்தரும் பாக்க மாட்டேங்கறாங்க. ஓட்டையை எம்சீல் வெச்சு அடச்சுக் குடுத்துட்டேன். மாப்பிள்ளை அன்னைக்கே பிரபாவைக் கூட்டிட்டுத் திருப்பூருக்குக் கெளம்பிட்டாரு. அவசர வேலையாம். அதுக்கப்பறம் தீவாளிக்கும் வரலை, பொங்கலுக்கும் வரலை. மாப்பிள்ளைக்கு மொதல்ல இருந்தே கொஞ்சம் மண்டைக் கனம்.

மயிலாத்தா மனசு சங்கடப்பட்டிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? டிரம்மு அரிசிக்குள்ள இருந்து அந்தக் குண்டைத் தேடி எடுத்தேன். நசுங்கி, சின்னப் பூ மாதிரி விரிஞ்சிருந்துச்சு. ஆசாரி கிட்டக் குடுத்துச் சுத்தித் தங்கத்துல வெளிம்பு கட்டி, சங்கிலியில போட்டுக்க டாலராப் பண்ணிக் குடுத்தேன். வாங்கிப் பாத்தா. தகரப் பெட்டியில வெச்சுட்டா. போட்டுக்கவே இல்லை. ஈயம் ஒடம்புக்கு ஆகாதுன்னு யாரோ சொல்லியிருப்பாங்க.

இப்படி இருக்கறப்பத்தான் எலக்சன் வந்துச்சு. கொண்டாந்து ஒப்படைச்சுட்டு வெறும் பீரோவைப் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். அதுக இங்க ஸ்டேசன்ல இருந்த நாள்ல மயிலாத்தாளுக்கு ஒடம்பு எப்படித் தேறுச்சுங்கறீங்க. டாக்டர் பிரசருக்குப் புது மாத்திரை குடுத்தாரு, அதுதான் கேட்டிருக்கும். படுத்தா ஒரே தூக்கம். தோப்புக்குள்ள கீரை பறிச்சுட்டு என்னமோ முணுமுணுன்னு பாட்டு. 'ஏனுங், நான் வர்றேன்'னு குரல் குடுக்கறதையும் மறந்துட்டா, அவ பாட்டுக்கு ஆசாரத்துல வர்றா, போறா. பிரபாவே போன் பண்ணி, நான் வரட்டுமாம்மான்னு கேட்டு வந்துட்டா. தலைப் பிரசவம், தாய் ஊட்டுல தானே பாக்கணும். வளைகாப்புப் போட்டு இங்கயே இருக்கறதாப் பேச்சு.

ஒரு நாள் பொழுதோட நான் கை நமநமன்னு சும்மா ஒக்காந்திருந்தேன். மயிலாத்தா வந்து பக்கத்துல ஒக்காந்து முறம் வெச்சு அவரைக்காய் உரிச்சா. கல்யாணமான புதுசுல நான் கெணத்துல செருப்பை உட்டுட்டு ஒத்தைச் செருப்போட மாமனார் ஊட்டுக்குப் போன கதையைச் சொன்னா. சொல்லிட்டு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறா. அவ அப்படிச் சிரிப்பாங்கறதையே நான் மறந்துட்டேனுங்க. எனக்கும் அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. பிடிக்கு எண்ணெ போடாம வெச்சிருப்பாங்களேங்கற கவலை அந்த ஒரு நாளுதான் வரலை.

அப்பறம்தான் அந்தத் தொட்டில் கட்டை விசயம். ஒம்பதாம் மாசம், எல்லாம் எடுத்து வெக்கலாம்னு மயிலாத்தா பரண்ல ஏறித் தேடறா. பிரபா கீழ நின்னு ஏணியைப் புடிச்சிருக்கறா. இந்தச் சாக்கு, அந்தச் சாக்குன்னு தேடித் தேடி, 'ஏனுங், தொட்டில் கட்டையைப் பாத்தீங்களா?'ன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டே, 'அதுவா, பத்திரமாப் போலீஸ் ஸ்டேசன்ல இருக்குது'ன்னேன். ரெண்டு பேருக்கும் புரியலை. அப்பறம் வெளக்கமாச் சொன்னேன், பள்ளம் எப்படி விரலுக்கு வந்துச்சுன்னு. மயிலாத்தா ஏணியில ஒவ்வொரு படியா எறங்கி வந்தா. கையில இருந்த தூசியைச் சீலையில தொடச்சா. வையுவான்னு நெனச்சேன். அரிசி டிரம்மு கிட்டப் போயி, அந்த எம்சீல் மேல கையை வெச்சுட்டு நின்னா, அன்னைக்கு நின்ன மாதிரியே.

மறுநாள் அவ அண்ணன் கார் வந்துச்சு. பிரபாவையும் கூட்டிட்டுப் போயிட்டா. அப்பத்தான் அந்த வார்த்தையைச் சொன்னது, உங்ககிட்டச் சொன்னேனே.

பேத்தி பொறந்திருக்குதுங்க. போன வாரம். மச்சான் போன் பண்ணுனாரு. மூங்கிக் குச்சியை வெச்சுத் தொட்டில் கட்டியிருக்கறாங்களாம். இல்லீங்க, நான் இன்னும் போயிப் பாக்கலை. பாக்காம என்ன, இந்த ஸ்டேசன் வேலை முடியட்டும்னுதான். முந்தாநேத்து மயிலாத்தாளே போன் பண்ணி, என்னைக்குப் போயி வாங்கறீங்கன்னு கேட்டா. புதங்கெழமைன்னேன். 'சரி, நானும் வர்றேன்'னா. அதான் சொல்றேன், மனசு எறங்கிருச்சு. இங்க வாங்கிட்டு ரெண்டு பேருமா நேரா உடுமலைக்குப் போறோம். பேத்தி விரலைப் புடிச்சு அந்தப் பள்ளத்துல வெச்சுப் பாக்கணுங்க. அவ பாட்டியாத்தாளும், அவளைப் பெத்தவளும் தூங்குன மரம். அவளுக்கும் அதுல பாத்தியதை இருக்குதில்லீங்களா.

அதா, ரைட்டர் வந்துட்டாரு. பின்னாலயே பாருங்க, பச்சைச் சீலை. சொன்னேனா இல்லையா. மயிலாத்தா, இங்க. இங்க இருக்கறேன். என்ன இவ, பாத்துட்டும் நேரா உள்ள போறா. சரி, மொதல்ல கையெழுத்தை முடிக்கட்டும்.

தம்பி, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? உங்களையா கூப்புடறாரு? அவ துப்பாக்கிக்குத்தான அழைச்சாரு. இருங்க, நானும் வர்றேன்.

ஐயா, ரைட்டரையா, இவரு எதுக்கு அதைத் தொடறாரு? வெளியாளுங்க கையில எதுக்குங்க குடுக்கறீங்க? ... யாரு? ... கடைக்காரரா? கோயமுத்தூர்ல துப்பாக்கிக் கடையா?

தம்பி, நீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? இத்தனை நேரம் பக்கத்துல ஒக்காந்து... ஆமாமா, நான் கேக்கலைதான். உங்களை நான் எங்க பேச உட்டேன். வித்துட்டாளா? லைசன்ஸும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாளா? அவளுக்கு எழுத யாரு சொல்லிக் குடுத்தது? மயிலாத்தா, என்ன புள்ளை இது. வாங்கறதுக்கு நான் எத்தனை அலைஞ்சேன். அங்க பாக்காத, என்னைப் பாத்துச் சொல்லு.

என்ன சொல்றா? புடியையா? அந்தப் புடியை மட்டும் கழட்டிக் குடுக்கச் சொல்றாளா?

குடுங்க தம்பி, நான் கழட்டறேன். அந்தத் திருகாணி உங்களுக்குப் பழக்கமில்லை, அவசரப்பட்டா மரத்துல கீறல் உழுந்துரும். ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப் பாக்கெட்டுலயே இருக்குது. புடிச்சுக்கங்க. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. என்னமோ தெரியலை, கையி ஆடுதுங்க. எங்கையி ஆடுனதே இல்லை. ஒண்ணு வந்துருச்சு. இந்தா, ரெண்டாவது. இந்தா மயிலாத்தா, ஒரு கீறல் இல்லை, பாரு.

பாத்தீங்களா தம்பி, அந்தப் பள்ளத்துல பெருவிரலை வெச்சுத் தேச்சுப் பாக்கறா. அவளுக்குத் தெரியாமலா போகும். இப்ப முந்தானையில முடியறா.

என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு.

கேட்டீங்களாங்க? 'பையில இருக்கற ரெண்டும் போனதுக்கப்பறம் ஒரு போன் பண்ணுங்க, வந்து கொழந்தையைப் பாக்கலாம்'ங்கறா. சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போறா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குதே, அதுதான் உடுமலை பஸ்ஸு.

வித்தாலும் எங்கைவேலையை உட மனசில்லை பாருங்க அவளுக்கு. அதான் கேட்டு வாங்கிட்டுப் போறா. ஆனா அந்த ரெண்டு துண்டை ஒண்ணா ஒட்டுனாலும் தொட்டில் கட்ட ஆகாதுங்களே. ஒரு சாண் கூட வராது. அப்பறம் எதுக்குங்க அதைக் கேட்டா?

என்னங்க பாக்கறீங்க? இந்தப் பையையா? இல்லீங்க தம்பி, இது குடுக்கறதுக்கில்லை. நடுவுல மடங்கறது இதுலதான் இருக்குது. நீங்க நல்லவரு, கேட்டது தப்பில்லை, ஆனா இது முடியாதுங்க. பஸ்ஸு கெளம்புது. சன்னலோரந்தான் ஒக்காந்திருக்கறா. இந்தப் பக்கம் திரும்பறாளான்னு பாருங்க, எனக்குக் கண்ணு கொஞ்சம் மறைக்குது. திரும்பலையா. சரி.

உங்களுக்கே தெரியுமுங்களே. இதையும் குடுத்துட்டு, பச்சைக் கொழந்தையைப் பாக்க வெறுங்கையோட எப்படிங்க போறது?